போனக்காடு பஸ்ஸின் சிவப்பு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் செய்த முட்டாள்தனங்களை வரிசையில் நிறுத்தினால், வரிசை எங்கள் ஊர்க் கரமனைப் பாலத்தில் தொடங்கி கிள்ளிப்பாலம் தாண்டிப் போகும். அடுத்த வீட்டு நாய்க்குச் சளி என்று நினைத்து அதன் மூக்கில் தலைவலித் தைலம் தடவியவன் நான். நாய் தன் நன்றியை என் கணுக்காலில் பதித்துவிட்டுப் போனது. ஆனால் அந்த வரிசையின் முன்னால் கொடி பிடித்து நிற்பது அதுவல்ல. நான் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்த கதை அது. தப்பாகச் செய்து கெடுப்பது யாருக்கும் வரும். சரியாகச் செய்து கெடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது பத்து வயதிலேயே கைவந்துவிட்டது.

அப்போது எங்கள் வீட்டு மாடி அறையில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. முப்பத்துமூன்று வயது, ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. பகல் முழுவதும் அடுத்தவர் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக எடுத்து, அதில் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, என்ன வந்ததோ அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்தார். ரத்தத்துக்குப் பதிலாகப் பெயிண்ட், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமா சின்ன பஸ்கள் செய்வார். பொம்மை என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். மாடல் என்று சொல்லவேண்டும். ஃபோம் ஷீட்டை பிளேடால் கீறி ஒட்டி, ஊதுபத்திக் குச்சியைச் சீவி ஜன்னல் கம்பியாக்கி, மாத்திரை அட்டையின் குமிழை வெட்டி முன்விளக்காக்கி, பள்ளிக்கூட ஸ்கேல் நீளத்தில் ஒரு முழு அரசு பஸ்ஸையே கொண்டுவந்து நிறுத்திவிடுவார். உள்ளே சீட்டுகள், மணிக்கயிறு, ‘கையும் தலையும் வெளியே நீட்டாதீர்’ எல்லாம் உண்டு. பிறகு அக்ரிலிக் பெயிண்ட். கடையில் வாங்கிய நிறத்தை அப்படியே பூசமாட்டார். லேபிலிருந்து கொண்டுவந்த குட்டிக் குப்பிகளில் தானே கலந்து, நீர்மோர்ப் பதத்துக்கு இளக்கி, மெல்லிசாக ஒன்று, காய்ந்தபின் இன்னொன்று என்று மூன்று நான்கு பூச்சு அடிப்பார்.

“முப்பத்திமூணு வயசாச்சு,” என்பாள் அம்மா. “இவன்கூடப் படிச்சவம்மாரு பிள்ளைகளை பஸ்ஸேத்தி ஸ்கூலுக்கு விடுகானுவ. இவன் பஸ்ஸுக்கு வீலு வெட்டிட்டு இருக்கான்.”

நாகர்கோவிலில் அம்மா ஒரு பெண்ணைப் பார்த்துவைத்திருந்தாள். ஜாதகம் பொருந்தியிருந்தது, நிறம் பொருந்தியிருந்தது, அந்த வீட்டார் எங்களுக்குத் தூரத்து உறவாகவும் இருந்தார்கள். மாமா போய் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். மாமாவும் மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. “இந்த பஸ்ஸு முடியட்டுக்கா,” என்பார். “கைவேலை பாதியிலே கெடக்கும்போ மனசு நிக்காது.” முன்னால் செய்த நாலு பஸ்ஸும் ஒவ்வொன்றும் ஒரு மாதத்தில் முடிந்தவை. அதனால் அம்மாவும் சரி என்று விட்டிருந்தாள்.

ஐந்தாவதுதான் முடியவில்லை.

அது போனக்காடு பஸ். மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் லேப்காரர்கள் ரத்தம் எடுக்க முகாம் போட்டபோது, மாமா அந்த பஸ்ஸில் போய்வந்தார். வந்ததும் சட்டைகூட மாற்றாமல், “அடுத்தது போனக்காடு பஸ்ஸு,” என்று அறிவித்தார். உடம்பெல்லாம் ஒரு வாரத்தில் தயார். நிறத்தில்தான் சிக்கிக்கொண்டது. கடைச் சிவப்பு நேற்றுப் பிறந்த சிவப்பு. பளபளவென்று யாரையும் மதிக்காமல் நிற்கும். அந்த பஸ்ஸின் சிவப்போ பல மழைக்காலம் நனைந்து, வெயிலில் வெளுத்து, தூசியோடு சமாதானமாகப் போய்விட்ட சிவப்பு. வெள்ளை சேர்த்தால் வெளுத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சேர்த்துப் பார்த்தால் பிறந்தநாள் கேக்கின் ரோஸ் வரும். காவி சேர்த்தால் செங்கல் வரும். கறுப்பு ஒரு சொட்டு அதிகமானால் போச்சு, ஆறிப்போன புண்ணின் பொருக்கு.

“ரத்தத்திலே முங்கிக் கெடக்கவனுக்கு ஒரு செவப்பு வரல்லியா?” என்று அம்மா கேட்டாள்.

“நேர்ல வெச்சுப் பாக்கணும்க்கா,” என்றார் மாமா. அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின.

லேபுக்கு ஞாயிறு லீவு. அதிகாலையிலேயே கிளம்பி, போனக்காடு பஸ்ஸில் கடைசி வரிசைக்கு முந்தின சீட்டைப் பிடிப்போம். மாமாவின் பையில், அந்த வாரம் கலந்த நிறத்தைப் பூசிக் காயவைத்த அட்டைத் துண்டு இருக்கும். நெடுமங்காடு, விதுரா எல்லாம் தாண்டி மலையேறிப் போனக்காட்டில் பஸ் திரும்புவதற்கு முன் அரைமணி நேரம் நிற்கும். அப்போது மாமா இறங்கி அட்டையை பஸ்ஸின் வயிற்றில் ஒட்டவைத்துப் பார்ப்பார். என்னை எதற்குக் கூட்டிப்போனார் என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. நிறத்தில் நான் ஒரு விற்பன்னன், என் கருத்து இல்லாமல் மாமாவுக்கு ஓடாது என்றே நம்பியிருந்தேன். விதுராவில் எனக்குப் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கித் தருவதையும் அந்த மரியாதையின் கணக்கில்தான் சேர்த்திருந்தேன். தனியாக ஒரு ஆள் வாராவாரம் ஒரே பஸ்ஸில் மலையேறி இறங்கினால் யாரும் ஒருமாதிரி பார்ப்பார்கள், கூட ஒரு பையன் இருந்தால் அது குடும்பம் ஆகிவிடும் என்பதெல்லாம் தெரிகிற வயதா அது?

நிறத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல இன்னொருவரும் இருந்தார். அந்த பஸ்ஸின் கண்டக்டர் அக்கா.

போனக்காட்டுத் தேயிலைத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். மற்றவர்களிடம், “டிக்கெட் எடுக்கானுண்டோ?” என்று மலையாளத்தில் அதட்டிக்கொண்டே வருவார். எங்கள் சீட்டுக்கு வந்தால் தமிழ். சில்லறை இல்லாதவனை விதுரா வரை திட்டுகிற அதே வாய், மாமாவிடம் வரும்போது, “என்ன சார், இந்த வாட்டியாச்சும் சரியாகுமா?” என்று கேட்கும்.

“பாக்கலாம்,” என்பார் மாமா. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் காது நுனிவரை சிவந்துவிடுவார். அந்தச் சிவப்பைக் கலக்க அவருக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

மேலே போனதும் மூன்று பேரும் பஸ்ஸின் பக்கவாட்டில் நிற்போம். மாமா அட்டையை ஒட்டவைப்பார். அக்கா தோல்பையைப் பின்னால் தள்ளிவிட்டுக் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

“காவி இத்திரி கூடிப்போச்சோ?” என்பார் மாமா.

“காவி இல்ல சார், வெளுப்பு போதாது. இந்த மூலையப் பாருங்க. மழ அடிக்கிற பக்கம் இது.”

“அப்போ அந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கம் வெயில் சார். அதுக்கு வேற கணக்கு.”

உடனே இருவரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அரைமணி நேரத்துக்கு வெயில், மழை, தூசி என்று பேச்சு. அக்கா எஸ்டேட் பள்ளிக்கூடம் முடித்து விதுராவில் படித்தபோது ஏறிய பஸ்ஸும் இதே சிவப்புத்தானாம். ஒருநாள் பஸ்ஸை விட்டுவிட்டு மழையில் நடந்தே வீட்டுக்கு வந்ததைச் சொன்னார். மாமா அதற்கு, ஈரமான சிவப்பு காய்ந்தால் ஒரு படி கறுத்துவிடும் என்று பதில் சொன்னார். எனக்கே அது சம்பந்தமில்லாத பதிலாகத் தெரிந்தது. அக்கா ஆனால் ரொம்ப நேரம் சிரித்தார். டிரைவர் ஹாரன் அடித்து, “களர் ஆயோ சாரே?” என்று கூப்பிடுவார். ஆகவில்லை. எந்த வாரமும் ஆகவில்லை.

இப்படி ஆறு ஞாயிறு போனது. எனக்கு மாமாமேல் இரக்கம் வரத் தொடங்கியது. பாவம், இவ்வளவு உழைத்தும் ஒரு நிறம் பிடிபடமாட்டேன் என்கிறதே. அதைவிட முக்கியமாக, பஸ் முடிந்தால்தான் நாகர்கோவில். நாகர்கோவில் போனால்தான் கல்யாணம். கல்யாணம் என்றால்தான் எனக்குப் புது பேண்டும் அடைப்பிரதமன் பாயசமும். என் இரக்கத்தில் கொஞ்சம் சர்க்கரையும் கலந்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

ஆறாவது ஞாயிறன்று நான் ஒரு திருட்டு செய்தேன். அவர்கள் இருவரும் பஸ்ஸின் வெயில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, மழைப் பக்கத்தில் உரிந்து நின்ற பெயிண்ட் செதில் ஒன்றை நகத்தால் பெயர்த்து என் ஜியோமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, மாமாவின் மேசையில் கிடந்த ஆறு வாரத்து அட்டைகளையும் வரிசையாக வைத்து, செதிலை ஒவ்வொன்றின்மேலும் வைத்துப் பார்த்தேன்.

மூன்றாவது அட்டையில் வைத்ததும் செதில் காணாமல் போனது. தரையில் விழுந்துவிட்டதோ என்று தேடினேன். விழவில்லை. அட்டையின்மேல்தான் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

மாமாவின் நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு வாரத்துக் கலவையும் சொட்டுக் கணக்கில் எழுதியிருந்தது. மூன்றாவது வாரம்: சிவப்பு பதினெட்டு, காவி நான்கு, வெள்ளை இரண்டு, சிவப்பின் திமிரை அடக்கப் பச்சை ஒன்று. பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு ‘சரி’ அடையாளம். லேபில் வேலை செய்கிறவருக்கு வந்த முடிவை மாற்றி எழுதக் கை வராது போலிருக்கிறது. ஆனால் பத்து வயதுத் துப்பறிவாளனுக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் வேறொரு முடிவுக்கு வந்து, நேராகக் கீழே ஓடினான்.

“எம்மா, மாமாவுக்குக் கண்ணு சரியில்ல. சரியான கலரைக் கலந்துட்டு அதையே தெரியாம இருக்காரு.”

அம்மா கரண்டியோடு பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். “மெதுவாச் சொல்லுலே! நாகர்கோவில்காரிய காதிலே விழுந்துரப் போகு.”

ஆகவே நாட்டைக் காப்பாற்றும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அடுத்த சனிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை, மாமாவுக்கு லேப் உண்டு. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு அட்டைக்கு உள்ள கணக்கு ஒரு பஸ்ஸுக்குப் போதாது. பாதியில் தீர்ந்தால் மறுபடி அதே நிறம் வராது என்று மாமா சொல்லக் கேட்டிருக்கிறேன். எனவே எல்லாவற்றையும் ஆறால் பெருக்கினேன். சிவப்பு மட்டும் நூற்றெட்டு சொட்டு. கணக்குத் தவறாமல் இருக்க உரக்க எண்ணினேன்.

“மாடியிலே என்ன ஜெபம் நடக்கு?” என்று அம்மா கீழேயிருந்து கேட்டாள்.

நிறம் சரியாகத்தான் வந்தது. இளக்குவதில்தான் கோட்டைவிட்டேன். நீர்மோர்ப் பதம் என்றால் எங்கள் வீட்டு நீர்மோரை நினைத்துக்கொண்டேன். அதில் மோர் பேருக்குத்தான் இருக்கும். முதல் பூச்சு பஸ்ஸின்மேல் நிற்கவே இல்லை; சேம்பிலைமேல் தண்ணீர்போல உருண்டு, ஜன்னல் ஓரங்களில் போய்க் குளம் கட்டியது. ஈரத்துணியால் அவசரமாகத் துடைத்தெடுத்து, பஸ்ஸைக் காயவைத்துவிட்டு, மீதிக் கலவையில் தண்ணீர் விடுவதை ஒவ்வொரு சொட்டாகச் செய்தேன். ஒரு சொட்டு, கலக்கு, குப்பியைச் சாய்த்துப் பார். சுவரில் வழிந்து இறங்கும்போது பின்னால் மெல்லிசாக ஒரு திரை விட்டுப்போகவேண்டும். போனது. பூசினேன். காய்ந்தது. மறுபடி பூசினேன். மூன்றாவது பூச்சில், சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்முன்னால் அந்த மேசையில் போனக்காடு பஸ் வந்து நின்றது. இரைச்சல்தான் பாக்கி. என் வாழ்நாளில் நான் கையால் செய்த ஒரே அழகான காரியம் அதுதான். அதற்குப் பிறகு ஒரு ஸ்டூலுக்குக்கூட நேராகப் பெயிண்ட் அடித்ததில்லை.

அம்மா வந்து பார்த்தாள். என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பிறகு நேராகப் போய் ஃபோனை எடுத்து நாகர்கோவிலுக்குப் பேசினாள். “பஸ்ஸு முடிஞ்சாச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை வாறோம்.” பஸ் முடிந்ததற்கும் இவர்கள் வருவதற்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பக்கம் குழம்பியிருப்பார்கள்.

சாயங்காலம் மாமா வந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவர் துள்ளிக் குதிப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் குதிக்கவில்லை. பஸ்ஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரங்களைப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைப் பார்த்து, மூடி வைத்தார். நான் வெளியே வந்தேன்.

“எப்படி இருக்கு மாமா?”

“கொள்ளாம்டே,” என்றார். “ஒரு குத்தமும் சொல்ல முடியாது.” என் தலையைத் தடவினார். அவர் கை கொஞ்சம் பாரமாக இருந்ததை, பாராட்டின் பாரம் என்றே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. நிறம்தான் சரியாகிவிட்டதே, இனி எதற்குப் போனக்காடு என்று அம்மா கேட்டாள். “கடைசியா ஒருக்கா காட்டிட்டு வாறேன்க்கா,” என்றார் மாமா. யாரிடம் என்று அம்மா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஷூ பெட்டியில் துணி சுற்றி பஸ்ஸை வைத்து, மலையேறும் வழியெல்லாம் மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா டிக்கெட் கொடுக்க வந்து பெட்டியைப் பார்த்து, “இதென்ன சார், இன்னிக்கு அட்டை இல்லியா?” என்று கேட்டார். “மேலே போய்க் காட்டுகேன்,” என்றார் மாமா. விதுராவில் எனக்குப் பழம்பொரி வாங்கக்கூட மறந்துவிட்டார்.

போனக்காட்டில் மாமா பெட்டியைத் திறந்தார். அக்கா தோல்பையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். பெரிய பஸ்ஸின் பக்கத்தில் சின்ன பஸ்ஸைப் பிடித்துப் பார்த்தார். ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். கடைசி வரிசைக்கு முந்தின சீட்டில் அவர் விரல் நுனி ஒரு நிமிடம் நின்றது.

“சரியா இருக்கு சார்,” என்றார்.

“ஆமா,” என்றார் மாமா.

அவ்வளவுதான். இவ்வளவு பெரிய வெற்றிக்கு இவ்வளவு சின்னக் கைதட்டலா என்று எனக்குப் பொறுக்கவில்லை.

“நான்தான் கலந்தேன் அக்கா! நூத்தெட்டு சொட்டு! இனி நாங்க இங்க வரவே வேண்டாம். அடுத்த ஞாயித்துக்கிழமை நாகர்கோவிலுக்குப் போறோம், மாமாவுக்குப் பொண்ணு பாக்க.”

அக்கா பஸ்ஸைத் துணியில் சுற்றினார். மூலைகளை ஒழுங்காக மடக்கினார். பெட்டிக்குள் வைத்து மூடி, மாமாவின் கையில் கொடுத்தார். “நல்லதாப் போச்சு சார். வேலை முடிஞ்சுதே,” என்றார். அரைமணி நேரத்தில் பாதிகூட ஆகியிருக்கவில்லை. ஆனாலும் ஏறிப் போய்ப் படியருகே தன் சீட்டில் உட்கார்ந்து டிக்கெட் கட்டுகளை எண்ணத் தொடங்கிவிட்டார்.

பஸ் கிளம்பி நாலைந்து வளைவு இறங்கியபின் எங்களிடம் வந்தார்.

“எங்க போகணும்?”

ஏழு ஞாயிறாக அவர் அதைக் கேட்டதே இல்லை. கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவார். “அக்கா மறந்துட்டாங்க போல,” என்று மாமாவின் காதில் சொன்னேன். மாமா என்னைக் கவனிக்கவில்லை. ஷூ பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு, அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“அந்த நெறம் மூணாவது வாரமே சரியா இருந்துது,” என்றார்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“கண்ணு எனக்கும் உண்டு சார்.”

“பின்ன அடுத்த வாரம் வெளுப்பு போதாதுன்னு சொன்னது?”

அக்கா கையில் இருந்த டிக்கெட் கட்டைப் புரட்டினார். கிழிக்கவேண்டிய டிக்கெட்டைக் கிழிக்காமல் வேறெதையோ கிழித்தார். முன்னால் யாரோ சில்லறை கேட்டுக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

“நான் நாகர்கோவிலுக்குப் போகல்ல,” என்றார் மாமா. “எங்க அக்காட்ட இன்னைக்கே சொல்லப்போறேன்.”

பிறகு என்ன நடந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். அம்மா இரண்டு வாரம் அழுதாள், ஒரு மாதம் பேசாமல் இருந்தாள், பிறகு கல்யாணத்தன்று பந்தியில் நின்று, பிரதமனில் சர்க்கரை குறைவு என்று ஊரையே கலக்கினாள். அந்த ஷூ பெட்டியைக் கடைசிவரை மடியில் வைத்திருந்தவனுக்குப் புது பேண்டும் கிடைத்தது. ஆனால் கண்டக்டர் அக்காவை நான் அத்தை என்று கூப்பிடத் தொடங்க இன்னும் எட்டு மாதம் இருந்தது. அன்று அந்த சீட்டில் இருந்தது, உலகத்திலேயே துல்லியமான சிவப்பைக் கலந்துவிட்டு, அதற்கு மதிப்புத் தெரியாத இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு கலைஞன். மூன்றாவது வாரமே சரி என்றால், பிறகு நாலு ஞாயிறு எதற்கு மலையேறினோம்? கண்ணில் கோளாறு மாமாவுக்கு மட்டும்தான் என்று நினைத்தேன், இவருக்குமா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அப்போ கலர் சரியா, தப்பா? யாராச்சும் ஒருத்தராவது ஒழுங்காச் சொல்லுங்க!” என்று கத்தினேன்.

அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை.

“தம்பி, நீ கொஞ்சம் வெளிய பாரு.”